திம்பமும் கேம்பல் பேயும்: காட்டுக்குள் வண்டி போக யாரைக் கேட்டார்கள்?

2022 ஜனவரி 27ஆம் தேதி கிரேட் நிகோபார் தீவின் கேம்பல் பேயில் ஒரு பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் ஆகிய நான்கும் சேர்ந்த பெருந்திட்டம் ஒன்றுக்காக அந்தத் தீவின் மழைக்காட்டைத் திறந்துவிடலாமா என்று மக்களிடம் கேட்பதற்கான கூட்டம் அது. பதினான்கு நாள் கழித்து, பிப்ரவரி 10ஆம் தேதி, ஈரோடு மாவட்டத்துத் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு நாள் முன்புதான் அதற்கு உத்தரவிட்டிருந்தது. தடையால் பாதிக்கப்படும் தாளவாடி மக்களை அதற்கு முன் உட்கார வைத்து எவரும் முறையாகக் கேட்டிருக்கவில்லை.

ஓரிடத்தில் காட்டுக்குள் வண்டிகளை விடுவதற்கான ஏற்பாடு, மற்றோரிடத்தில் காட்டுக்குள் ஏற்கெனவே ஓடும் வண்டிகளை நிறுத்துவதற்கான ஏற்பாடு. சட்டப்படி முன்கூட்டியே கேட்ட கேம்பல் பேயில், கூட்டத்துக்குப் பிறகும் திட்டத்தின் அடித்தளம் அசையவில்லை. கேட்காமலே உத்தரவு வந்த திம்பத்தில், இரண்டே மாதத்தில் அந்த உத்தரவு திருத்தப்பட்டது. இந்த முரணைப் புரிந்துகொள்ளத்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டம் நடந்ததா என்ற கேள்வி இங்கே பாதி வழிகூடப் போகாது. கூட்டத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் சொன்னதால் எதுவும் மாறக்கூடிய கட்டம் அப்போது மிச்சமிருந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேம்பல் பேயை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே கடல்வழியாக ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் போனால் வரும் ஊர் இது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை இந்தத் தீவில்தான் இருக்கிறது. 1969 முதல் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்களை அரசு இங்கே கொண்டுவந்து நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. பஞ்சாபிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்காகக் கிழக்குக் கரையோரம் சாலை போடப்பட்டது. எல்லைச் சாலைகள் அமைப்பு போட்ட அந்த வடக்கு தெற்குச் சாலை கேம்பல் பேயிலிருந்து இந்திரா முனை வரை 51 கிலோமீட்டர் ஓடியது. கிலோமீட்டர் கல்லை வைத்தே இடங்களை அடையாளம் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. சாஸ்திரி நகர் 35ஆம் கிலோமீட்டர்.

இன்னொரு சாலை 43 கிலோமீட்டர் நீளம். கேம்பல் பேயிலிருந்து தீவின் குறுக்கே, மலையேறி, அடர்ந்த காட்டைப் பிளந்து மேற்குக் கரையின் கோப்பன்ஹீட் வரை போனது. அது போன வழியெல்லாம் ஷோம்பென் மக்கள் நடமாடிய காடு. அவர்கள் வேட்டையும் உணவு சேகரிப்பும் தோட்டமும் கொண்டு வாழும் சின்னஞ்சிறு சமூகம். 2011 மக்கள்தொகைக் கணக்கு அவர்களை 229 பேர் என்றது. அந்தக் குறுக்குச் சாலையைப் போடும்போது அவர்களைக் கேட்கும் எண்ணம் அக்காலத்தில் எவருக்கும் வந்திருக்காது. மண்சரிவாலும் பராமரிப்பின்மையாலும் காலப்போக்கில் அதன் பெரும்பகுதி வண்டிக்கு உதவாமல் போயிற்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிழக்குச் சாலையையும் தின்றது. இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனது. கலாத்தியா ஆற்றுப் பாலம் உடைந்தது. மேற்கு, தெற்குக் கரைகளில் வாழ்ந்த நிகோபாரி மக்களின் ஊர்கள் அழிந்தன. உயிர் தப்பியவர்களை அரசு கேம்பல் பேக்குப் பக்கத்தில் ராஜீவ் நகர், நியூ சிங்கென் என்ற இரண்டு குடியிருப்புகளில் தங்கவைத்தது. பழைய ஊருக்குத் திரும்பப் போக வேண்டும் என்று அவர்கள் அன்றுமுதல் கேட்டு வருகிறார்கள். அந்தப் பழைய ஊர்களில் பலவற்றுக்கு மோட்டார் சாலை இருந்ததில்லை. படகில் போய்வந்தார்கள், கரையோரம் நடந்தார்கள்.

தீவில் ஆக மூன்று வகை மக்கள். சாலையோரம் வீடு கட்டி, சாலையால் பிழைக்கும் குடியேறிகள். சாலை எட்டாத கரைகளைச் சொந்தமாகக் கொண்ட நிகோபாரிகள். சாலையை விட்டு விலகியே வாழ்ந்த ஷோம்பென்கள். ஜனவரி 27ஆம் தேதிக் கூட்டம் சட்டத்தின் கண்ணில் இம்மூவருக்கும் பொதுவானது. ஆனால் கூட்டம் நடந்த கேம்பல் பே முதல் வகையினரின் ஊர், அதன் நடைமுறை அவர்களுக்குப் பழகியது. நிலம் போனால் இழப்பீடு எவ்வளவு, பிள்ளைகளுக்கு வேலை உண்டா, மருத்துவமனை வருமா என்ற அவர்களின் கவலைகள் முழுக்க நியாயமானவை. கப்பலுக்காக நாள்கணக்கில் காத்திருந்து பழகியவர்கள் நல்ல சாலையையும் விமானத்தையும் விரும்புவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நிகோபாரிகளின் பழங்குடி மன்றத் தலைமையால் தன் மக்களின் ஊர் திரும்பும் கோரிக்கையை முன்வைக்க முடிந்தது. ஷோம்பென்களின் பேச்சை முழுதாகப் புரிந்தவர்கள் வெளியில் மிகச் சிலரே. ஒலிபெருக்கியும் மேசையும் போட்ட கூட்டத்தில் அவர்களுடைய கருத்து எந்த வழியில் வந்து சேரும்?

இப்போது திம்பத்துக்கு வருவோம். பண்ணாரி மாரியம்மன் கோயிலைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே திம்பம், ஆசனூர், அப்பால் காரப்பள்ளம் சோதனைச்சாவடி, பிறகு கர்நாடகத்தின் சாமராஜநகர். கோவையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 948 இதுதான். 2013இல் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல், இந்தச் சாலை அதன் நடுவயிற்றில் கிடந்தது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் இருபுறமும் வண்டிகள் நிற்கும். கரும்பு லாரிகளுக்காக யானைகள் சாலையோரம் காத்துநிற்கும் அளவுக்கு அவற்றின் பழக்கமே மாறிவிட்டது.

ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019 ஜனவரி 7ஆம் தேதியே இரவுத் தடைக்கான அறிவிக்கையை வெளியிட்டுவிட்டார். கனரக வாகனங்களுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை, மற்ற வாகனங்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. அது மூன்று ஆண்டு தாளிலேயே இருந்தது. பிறகு பொதுநல வழக்கு வந்தது. 2012 முதல் 2021 வரை 155 விலங்குகள் இந்தச் சாலையில் வண்டியில் அடிபட்டு இறந்தன, அவற்றில் எட்டு சிறுத்தைகள் என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நீதிபதிகள் அந்த அறிவிக்கையை உடனே நிறைவேற்றச் சொன்னார்கள்.

மறுநாளே மலையில் கொந்தளிப்பு. தாளவாடி தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் அதற்கும் தமிழ்நாட்டின் மற்ற பகுதிக்கும் இடையில் இந்த மலைப்பாதைதான் இருக்கிறது. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய வண்டி விடியலில் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் இரவில் இறங்கியாக வேண்டும். பிரசவ வலி இரவு பத்து மணிக்கும் வரும். கடையடைப்பு நடந்தது, மறியல் நடந்தது, விவசாயச் சங்கங்களும் கட்சிகளும் வீதிக்கு வந்தன, வழக்கில் தங்களையும் சேர்க்கக் கேட்டன. ஏப்ரலில் நீதிமன்றம் திருத்திய ஏற்பாட்டைச் சொன்னது. உள்ளூர் மக்களின் வண்டிகளுக்கு வழிவிடப்பட்டது. 12 சக்கரமும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 16.2 டன் எடை வரம்பு வந்தது. நெடுந்தூர லாரிகளுக்கு இரவுத் தடை தொடர்ந்தது.

இந்தத் திருத்தம் முதல் உத்தரவைவிட எல்லா வகையிலும் மேலானது என்பது என் உறுதியான எண்ணம். கோவையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பதினான்கு சக்கர லாரியையும் தாளவாடி விவசாயியின் சிறிய சரக்கு வண்டியையும் ஒரே அறிவிக்கையின் கீழ் நிறுத்தியது 2019இன் தவறு. லாரிக்கு வேறு நெடுஞ்சாலை உண்டு, கூடுதல் டீசலும் சில மணி நேரமும்தான் செலவு. விவசாயிக்கு வேறு வழியே கிடையாது. மேசையில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை, மறியலில் நின்றவர்கள்தான் அதைச் சொன்னார்கள். அவர்களை 2019லேயே அழைத்துக் கேட்டிருந்தால் அந்த மூன்று ஆண்டும் வீணாகியிருக்காது. அந்த ஆண்டுகளில் அடிபட்டுச் செத்த விலங்குகளில் சிலவாவது தப்பியிருக்கும்.

ஏன் கேட்கவில்லை? சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. சாலையில் வண்டிகளைக் கட்டுப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி, சாலையின் தன்மை ஆகியவை காரணமாகலாம். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தடையென்றால் அரசிதழில் வெளியிட வேண்டும், அவ்வளவுதான். கருத்துக்கேட்பு என்ற பேச்சே அதில் இல்லை. கர்நாடகத்திலிருந்து வயநாட்டுக்குப் போகும் பந்திப்பூர்க் காட்டுச் சாலையிலும் 2009இல் மாவட்ட ஆட்சியரின் உத்தரவாகத்தான் இரவுத் தடை வந்தது. அங்கும் எதிர்ப்பு பின்னால்தான் எழுந்தது, பத்து ஆண்டு கழித்து 2019இல் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் உண்ணாவிரதப் பந்தல் வரைக்கும் போனது.

கேம்பல் பேயில் நடந்தது வேறு சட்டத்தின்படி. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பைக் கட்டாயமாக்குகிறது. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், வரைவறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும், நடப்பதைக் காணொளியில் பதிய வேண்டும். தாளில் பார்த்தால் திம்பத்துக்குக் கிடைக்காத பெரிய உரிமை. ஆனால் அதே அறிவிக்கை, கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகை எதுவும் தேவையில்லை என்கிறது. எத்தனை பேர் எதிர்த்தாலும் கூட்டத்துக்கு மறுக்கும் அதிகாரம் இல்லை. சொன்னதைப் பதிந்து மேலே அனுப்புவார்கள், நிபுணர் குழு பார்த்துக்கொள்ளும்.

வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை அப்படிப்பட்டதன்று. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். வனநிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றுமுன் அந்தச் சபையின் ஒப்புதல் வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. 2013 பிப்ரவரியில் அதே அமைச்சகம் சாலை, கால்வாய், மின்தடம் போன்ற நீள்வடிவத் திட்டங்களை அந்த நிபந்தனையிலிருந்து விடுவித்தது. மிகவும் நலிந்த பழங்குடிகளின் அங்கீகரிக்கப்பட்ட உரிமை பாதிக்கப்படும் இடங்களை மட்டும் விதிவிலக்காக நிறுத்தியது. காட்டை முதலில் திறப்பது சாலை. குடியிருப்பும் சுரங்கமும் கடையும் அதன் பின்னால் வருபவை. அந்த முதல் வெட்டுக்கே கிராம சபையைக் கேட்க வேண்டாம் என்ற விலக்கு இந்தச் சட்ட வரலாற்றின் மிக மோசமான திருப்பங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். ஷோம்பென்கள் மிகவும் நலிந்த பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் அந்த விலக்கு அவர்கள் காட்டைத் தொடக் கூடாது. ஆனால் உரிமை முதலில் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டுமே. அந்தத் தீவில் வன உரிமைச் சட்டப்படியான வேலை முறையாக நடந்ததா என்பது கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை வழக்காகப் போயிருக்கிறது.

தேதிகளை வரிசையாகப் பார்த்தால் கேம்பல் பேக் கூட்டத்தின் நிலை விளங்கும். தோணியாமைகள் முட்டையிட வரும் கலாத்தியா வளைகுடா 1997 முதல் வனவிலங்குச் சரணாலயமாக இருந்தது. துறைமுகத்துக்காக அந்தத் தகுதியை நீக்கும் முடிவு 2021 ஜனவரியில் எடுக்கப்பட்டது. மக்களைக் கேட்டது அதற்கு ஓராண்டு கழித்து. 2022 ஆகஸ்டில் பழங்குடி மன்றம் தடையில்லாச் சான்று கொடுத்தது. அக்டோபர் 27ஆம் தேதி 130.75 சதுர கிலோமீட்டர் வனநிலத்தை மாற்றக் கொள்கை அளவிலான முதற்கட்ட ஒப்புதல் வந்தது. நவம்பர் 11ஆம் தேதி சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. நவம்பர் 22ஆம் தேதி அந்த மன்றமே தன் சான்றைத் திரும்பப் பெறுவதாக எழுதியது. ஆழிப்பேரலைக்கு முந்தைய தங்கள் ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் வருகிறது, பழங்குடிக் காப்பகத்தில் ஒரு பகுதி நீக்கப்படுகிறது என்பது தங்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். சம்மதம் கொடுத்தவர்கள் விவரம் தெரிந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அனுமதிகள் அப்படியே நின்றன. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்கு பின்னால் வந்தது.

தாளவாடி மக்களின் பலம் எதில் இருந்தது என்று இங்கே யோசிக்கத் தோன்றுகிறது. அவர்களிடம் வண்டி இருந்தது, சந்தை இருந்தது, வாக்கு இருந்தது. அவர்கள் சாலையை மறித்தால் இரண்டு மாநிலத்தின் சரக்கு நிற்கும், மறுநாள் செய்தித்தாளில் வரும். அவர்கள் கேட்டதும் தடையைச் சற்றுத் தளர்த்துவதைத்தான். ஓர் உத்தரவைத் திருத்த ஒரு நாள் விசாரணை போதும். நிகோபாரி மக்களிடம் மறிக்கச் சாலை இல்லை. அவர்கள் சான்றைத் திரும்பப் பெற்றதால் எந்தச் சந்தையும் நிற்கவில்லை. தடையைத் தளர்த்துவதுபோல் வெட்டிய மழைக்காட்டைத் திருப்பி வைக்கவும் முடியாது.

திம்பம் மலையின் சோளகர், ஊராளி பழங்குடி மக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திம்பத்தின் விவாதத்தில் லாரி உரிமையாளர்கள் பேசினார்கள், விவசாயிகள் பேசினார்கள், காட்டுயிர் ஆர்வலர்கள் பேசினார்கள். நெடுஞ்சாலையைவிட்டு விலகிய காட்டூர்களிலிருந்து நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து சாலைக்கு வரும் இவர்களின் குரல் மிக மெலிதாகவே கேட்டது. காட்டில் வாழ்பவர்களின் வசதிக்காக ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் வெட்டி, கிராம சபையின் பரிந்துரையோடு சாலை போடலாம் என்று வன உரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவே இடம்கொடுக்கிறது. தங்களுக்கு வேண்டிய சிறிய பாதையைக் கேட்டுப் பெறுவதில்தான் இவர்களுக்கு ஆண்டுகள் கழிகின்றன.

காட்டுக்குள் வண்டி போகலாமா என்ற இதே விவாதம் அமெரிக்காவிலும் நீண்ட காலமாக நடக்கிறது. அங்கே தேசிய வனங்களில் சாலைக்கு வெளியே மோட்டார் வண்டி ஓட்டுவதை நெறிப்படுத்த 1972இல் அதிபர் நிக்சன் ஆணையிட்டார். 2005இன் விதி, ஒவ்வொரு வனமும் எந்தத் தடத்தில் எந்த வண்டி போகலாம் என்பதைப் பொதுமக்களின் பங்களிப்போடு வரையறுத்து வரைபடமாக வெளியிட வேண்டும் என்றது. அதற்கு முன் 2001இல், சாலை இல்லாத 5.85 கோடி ஏக்கர் வனத்தில் புதிய சாலை கூடாது என்ற விதி வந்தபோது ஏறத்தாழ 600 கூட்டங்கள் நடந்தன, 16 லட்சம் கருத்துகள் வந்தன. அந்த நாட்டின் பழங்குடிகளுக்கு நேர்ந்த அநீதிகளைத் தெரிந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன், அதை முன்மாதிரியாகக் காட்டவில்லை. தடம் வரையும் முன்பே, வரைபடம் மாற்றக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்கிறார்கள் என்ற ஒரு செய்தி மட்டும் நமக்குத் தேவை.

அந்தமானிலேயே இதற்குக் கசப்பான சான்று இருக்கிறது. ஜாரவா மக்களின் காப்பகத்தை ஊடுருவிப் போட்ட அந்தமான் டிரங்க் சாலையை அந்தப் பகுதிகளில் மூடும்படி 2002 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை மூடப்படவில்லை. ஜிர்காட்டாங் சோதனைச்சாவடியில் வண்டிகளை வரிசைகட்டி, நேரம் வைத்து, காவலோடு அனுப்பும் ஏற்பாடுதான் வந்தது. 2012இல் ஜாரவா பெண்களைப் பயணிகள் முன் ஆடவைத்த காணொளிகள் வெளிவந்து உலகமே அதிர்ந்தது. பின்னர் அந்தச் சாலை போகும் பாராடாங் தீவுக்குக் கடல்வழி வந்தும் சாலைப் போக்குவரத்து நிற்கவில்லை. சாலை ஓடத் தொடங்கியதும் அதைச் சுற்றிக் கடைகள், பேருந்து நேரங்கள், மருத்துவமனைப் பயணங்கள், வாக்குகள் எல்லாம் வேர்விட்டுவிடும். பிறகு அதை மூடச் சொல்பவர் அங்குள்ள ஆயிரக்கணக்கானோரின் அன்றாடத்துக்கு எதிரியாகிவிடுகிறார். திம்பத்தில் மறியல் செய்தவர்களும் அப்படி வேர்விட்ட வாழ்க்கையைத்தான் காத்தார்கள். போட்ட சாலையை நெறிப்படுத்துவதற்கே இத்தனை பாடு என்றால், போடாத சாலையைப் பற்றிய கேள்வியை எவ்வளவு முன்னால், எவ்வளவு நிதானமாகக் கேட்டிருக்க வேண்டும்!

ஷோம்பென்களை எப்படிக் கேட்பது என்ற கேள்விக்கு நிர்வாகத்திடமே விடைக்கான ஒரு தொடக்கம் இருக்கிறது. பெரிய அளவிலான வளர்ச்சித் திட்டங்கள் வரும்போது ஷோம்பென்களின் நலனுக்கும் வாழ்வுரிமைக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 2015இன் ஷோம்பென் கொள்கை சொல்கிறது. அவர்களைக் கூட்டத்துக்கு இழுத்துவருவது கொடுமை, நோய்த்தொற்றுக்கே வழி. அவர்கள் எங்கே குடில் போடுகிறார்கள், எந்த ஆற்றை ஒட்டி நகர்கிறார்கள், எங்கே அந்நியரைத் தவிர்க்கிறார்கள் என்பதே அவர்களின் பதில். மானுடவியல் துறையினரும் அவர்களோடு பழகிய நிகோபாரிகளும் அந்தப் பதிலைப் படித்துச் சொல்ல முடியும். அந்தக் காட்டுக்குள் வண்டித்தடம் கூடாது என்பதை அதிலிருந்து புரிந்துகொள்ள நெடிய ஆய்வு தேவைப்படாது.

கேம்பல் பேயின் குடியேறிகளுக்கும் இதில் இழப்பு எதுவும் இல்லை. ஆழிப்பேரலை உடைத்த கிழக்குச் சாலையைச் சீர்செய்வதும், கப்பல் நாட்களைக் கூட்டுவதும், மருத்துவமனைக்கு மருத்துவர்களை அனுப்புவதும் அவர்களுக்கு உடனே வேண்டியவை. அவற்றுக்கு 130 சதுர கிலோமீட்டர் காடு தேவையில்லை. பெருந்திட்டத்தோடு சேர்த்துக் கட்டித்தான் அவை வரும் என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளியதே தவறு. திம்பத்தில் உள்ளூர் வண்டியையும் நெடுந்தூர லாரியையும் பிரித்துப் பார்த்ததுபோல இங்கும் தீவுக்காரருக்கு வேண்டிய பாதையையும் துறைமுகத்துக்கு வேண்டிய பாதையையும் தனித்தனியாகக் கேட்க முடியும்.

அதைக் கேட்க வேண்டிய இடங்களும் தெரிந்தவைதான். ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும், பாதிப்பேர் வருகையும் பெண்களின் பங்கும் உறுதியான கிராம சபையைக் கூட்ட வேண்டும். வரைபடத்தை நிகோபாரி மொழியில் விளக்கி, பழைய ஊர்களின் பெயர்கள் எழுதிய தாளாக அவர்கள் முன் விரிக்க வேண்டும். அவர்கள் மேற்குக் கரைக்குத் திரும்பப் போவதா இல்லையா என்பது அங்கே முதலில் முடிவாகட்டும். சாலையின் கோட்டை அதற்குப் பிறகு வரையலாம்.